வாயிலை அடைக்கும் பொய்க்கூட்டம்

மே மாதத்தில் ஒரு காலை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் இணையதளத்தில் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்ட நேரம் நெருங்குகையில், லட்சக்கணக்கான வீடுகளில் பிள்ளைகளும் பெற்றோரும் பதிவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே முகவரியைத் தட்டுகிறார்கள்; பக்கம் திறப்பதில்லை; மறுபடி தட்டுகிறார்கள்; திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அந்தத் தளத்தை யாரும் உடைக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடும் எவரும் வரவில்லை. வாசல் சிறிது, வந்தவர் பலர், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இதைப் போலவே இன்னொரு கூட்டம், ஆனால் அதில் ஒருவருக்குக்கூடப் பதிவெண் கிடையாது, ஒருவருக்கும் முடிவு தெரிய வேண்டியதில்லை, உண்மையான மாணவன் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்துக்காக எவனோ ஒருவன் திரட்டி அனுப்பிய கூட்டம் என்று கற்பனை செய்து பார்த்தால், சேவை மறுப்புத் தாக்குதல் என்று கணினி வல்லுநர் குறிப்பிடும் குற்றத்தின் சொரூபம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இக்குற்றத்தில் பூட்டு உடைபடுவதில்லை, பெட்டகம் திறக்கப்படுவதில்லை, ஒரு காகிதமும் களவு போவதில்லை. மற்றக் கணினிக் குற்றங்களோடு இதையும் சேர்த்து, 'ஹாக் செய்துவிட்டார்கள்' என்று பொதுப்படப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், திருட்டுத்தனமாக உள்ளே புகுவது அவற்றின் லட்சணம், எவரையும் உள்ளே புகவிடாமற் செய்வது இதன் லட்சணம் என்னும் பேதத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 'சேவை மறுப்பு' என்ற பெயரும் கொஞ்சம் மயக்கம் தருவதே. சேவை தருகிறவன் தர மறுக்கிறான் என்பது போல அது ஒலிக்கிறது. உண்மையில் தருகிறவன் தரவே விரும்புகிறான், பெறுகிறவன் பெறவே விரும்புகிறான், நடுவில் வேறொருவன் வழியை அடைக்கிறான். அவ்வாறு அடைக்கிறவனைப் பற்றியும், தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலே அவனுக்குக் கை கொடுக்கும் லட்சக்கணக்கான சாமானியர்களைப் பற்றியுமே இக்கட்டுரையில் நான் அதிகமாகப் பேசப்போகிறேன். ஏனெனில் இத்தாக்குதலின் சரித்திரம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், அதன் பலம் தாக்குகிறவனுடைய சாமர்த்தியத்தைக் காட்டிலும் பிறருடைய கவலையின்மையிலேயே அதிகமாக ஊன்றி நின்று வந்திருக்கிறது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குமுன் மூன்று படிகளில் அறிமுகம் நடைபெறுகிறது. வருகிற கணினி 'பேசலாமா' என்று கேட்கிறது; சர்வர் 'பேசலாம்' என்று பதில் அனுப்பி, வந்தவனுக்கென்று தன் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிறது; 'சரி' என்று வந்தவன் மீண்டும் சொன்ன பிறகே காரியம் ஆரம்பமாகிறது. ரயில் நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில் ஒருவன் வந்து படிவத்தை நீட்டி, குமாஸ்தா எழுதத் தொடங்கியதும் 'இதோ பணம் எடுத்துக்கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு மறைந்து, அவன் போன மறுகணமே இன்னொருவன் வந்து அதையே சொல்லி மறைந்து, இப்படியே நூறு பேர் வந்து போனால், குமாஸ்தாவின் மேஜை பாதி எழுதிய படிவங்களால் நிறைந்து, உண்மையாகவே ஊருக்குப் போக வேண்டியவனுக்கு இடமில்லாமற் போகுமல்லவா? 1996 செப்டம்பரில், நியூயார்க்கின் பழமையான இணைய சேவை ஸ்தாபனங்களுள் ஒன்றான பானிக்ஸ், இவ்வகைப் பொய் அறிமுகங்களின் வெள்ளத்தில் அகப்பட்டுப் பல நாட்கள் தத்தளித்தது. அவ்வாண்டிலேயே டேனியல் பெர்ன்ஸ்டீன் என்னும் அறிஞர் இதற்கு ஒரு மாற்று உபாயம் கண்டார். மேஜையில் எதையும் எழுதி வைக்காமல், ரகசியக் கணக்கின்படி அமைந்த ஓர் எண்ணை வந்தவன் கையிலேயே சீட்டாகக் கொடுத்தனுப்பி, சீட்டோடு திரும்பி வருகிறவனுக்கு மட்டும் இடம் ஒதுக்குவது அந்த உபாயம். அது இன்றும் நம் சர்வர்களில் வேலை செய்து வருகிறது.

இதற்கு முன்னரே, 1988 நவம்பர் 2ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிப் பரவவிட்ட ஒரு சிறு நிரல், அவர் எதிர்பாராத வேகத்தில் தன்னைத் தானே பிரதி செய்துகொண்டு, அந்நாளில் இணையத்திலிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் சுமார் 6,000 கணினிகளை மூச்சுத் திணற வைத்தது என்பது பலரும் அறிந்த சம்பவம். எந்தக் கோப்பையும் அது அழிக்கவில்லை. ஒரே கணினியில் மீண்டும் மீண்டும் குடியேறிய காரணத்தால் கணினிகள் வேறு வேலை செய்ய முடியாமல் நின்றன. தீய எண்ணமின்றியே சேவை மறுப்பு நேரக்கூடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்ததோ எண்ணத்தோடு நடந்தது. கனடாவில் மாண்ட்ரியல் நகரை அடுத்த ஒரு வீட்டில் 15 வயதுச் சிறுவன் ஒருவன், 'மாஃபியாபாய்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு, 7ஆம் தேதி யாகூவையும், அடுத்த நாட்களில் ஈபே, சிஎன்என், அமேசான் முதலிய பெரிய தளங்களையும் முடக்கினான். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் அம்மாதத்திலேயே வல்லுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆலோசிக்க நேர்ந்தது. சிறுவனுக்கு எட்டு மாதச் சிறார் காவல் விதிக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம், அவன் பிரயோகித்த வெள்ளத்தின் பெரும்பகுதி அவனுடைய வீட்டுக் கணினியிலிருந்து புறப்படாமல், பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்த பல்கலைக்கழகக் கணினிகளிலிருந்து புறப்பட்டது என்பதே. அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் முழுவதும் யாகூவுக்கும் அமேசானுக்கும். பொருளாதார நிபுணர் ஹால் வேரியன் அவ்வாண்டிலேயே இந்த முரண்பாட்டைக் கண்டு எழுதினார். தடுக்கும் சக்தி உள்ளவனுக்கு நஷ்டமில்லை, நஷ்டப்படுகிறவனுக்குத் தடுக்கும் சக்தியில்லை. இந்த நிலை நீடிக்கும் வரை எந்திரத்தைத் திருத்தி மட்டும் பயன் காண முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதைப் படிக்கிறவர்களுக்கு அதில் மாற்ற வேண்டிய வரி எதுவும் தென்படாது.

கவலையின்மையின் மற்றொரு வகையை விளக்க, தபால் கார்டு காலத்திலிருந்து ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் நூறு கடைகளுக்குக் கார்டு எழுதி, 'உங்கள் விலைப்பட்டியலை அனுப்பவும்' என்று கேட்டு, அனுப்புநர் விலாசத்தில் தன் பகையாளியின் விலாசத்தை எழுதிவிட்டால், நூறு பருமனான புத்தகங்கள் அந்தப் பகையாளியின் வாசலில் வந்து குவியும். கடைக்காரர்கள் யாவரும் நல்லெண்ணத்தோடேயே அனுப்பியிருப்பார்கள். இணையத்திலும், அனுப்புகிறவன் தன் முகவரியைப் பொய்யாக எழுத இடம் இருப்பதால், சிறிய கேள்விக்குப் பெரிய பதில் தரும் சர்வர்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் பதில்களை வேறொருவன் தலையில் கொட்டுவது எளிதாகிறது. 2013 மார்ச்சில், எரிதங்கள் எனப்படும் வேண்டாத மின்னஞ்சல்களை அனுப்புவோர் பட்டியலைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் மீது, தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பெயர் சர்வர்களின் வழியாக நொடிக்கு 300 கிகாபிட் அளவில் இப்படிக் கொட்டினார்கள். 2018 பிப்ரவரி 28ஆம் தேதி கிட்ஹப் தளத்தின் மீது வந்த வெள்ளம் நொடிக்கு 1.35 டெராபிட், அதற்குப் பயன்பட்ட 'மெம்கேச்ட்' என்னும் சர்வர் நிரல், 15 பைட் அளவுள்ள கேள்விக்கு 750 கிலோபைட் வரை, அதாவது ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல், பதில் தரக்கூடியதாக இருந்தது. அலுவலக உள்வலையில் மட்டும் இருக்க வேண்டிய அந்த நிரலை, ஆயிரக்கணக்கானோர் பொது இணையத்தை நோக்கித் திறந்தே வைத்திருந்தார்கள்.

பொய் விலாசத்தைத் தடுக்க வழியில்லையா என்றால், வழி இருக்கிறது. அது பழைய வழியுங்கூட. ஒவ்வோர் இணைய சேவை நிறுவனமும், தன் வாடிக்கையாளரிடமிருந்து புறப்படும் பாக்கெட் உண்மையிலேயே அந்த வாடிக்கையாளருடைய முகவரியைத் தாங்கியிருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்து, பொய்யானதை வெளியே விடாமல் நிறுத்தலாம். பெர்குசன், சீனி என்னும் இரு வல்லுநர்கள் இதை 1998இல் எழுதி, 2000 மே மாதத்தில் செம்மைப்படுத்தி, நல்வழக்கமாக வெளியிட்டார்கள். பல நிறுவனங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன. இன்னும் கடைப்பிடிக்காதவை இருக்கின்றன. காரணம் வெளிப்படை: வடிகட்டுகிறவனுக்கு அதனால் லாபமில்லை, அவன் வடிகட்டுவதால் காப்பாற்றப்படுகிறவன் எங்கோ இருக்கும் அந்நியன். தெருவின் மேட்டில் இருப்பவன் சாக்கடையைச் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குள் புகுகிறது; மேட்டு வீட்டுக்காரனுக்கு அது தெரிவதுகூட இல்லை.

ஒரு தேசமே இவ்விதம் முற்றுகைக்கு உள்ளானதை உலகம் முதன்முதலாகக் கண்டது 2007இல். பால்டிக் கடலோரத்தில் 13 லட்சம் ஜனங்களே வாழும் எஸ்டோனியா, சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட பின் தன் ராஜ்ய காரியங்களில் பெரும்பகுதியை இணையத்துக்கு மாற்றிக்கொண்ட நாடு; 2007 மார்ச்சில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் சுமார் 30,000 பேர் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக வாக்களித்தார்கள். அடுத்த மாதத்தில், தலைநகர் தாலினின் நடுவே 1947இல் நிறுவப்பட்டிருந்த சோவியத் போர்வீரனின் வெண்கலச் சிலையை அரசாங்கம் ராணுவ மயானத்துக்கு மாற்ற முற்பட்டது. எஸ்டோனியர்களுக்கு அந்தச் சிலை அந்நிய ஆட்சியின் சின்னம். அங்கே வாழும் ரஷ்ய மொழியினருக்கோ நாஜிகளை வென்ற தியாகத்தின் சின்னம். தெருவில் கலகம் மூண்டது. ஓர் உயிரும் போயிற்று. ஏப்ரல் 27 முதல் இணையத்திலும் முற்றுகை தொடங்கிற்று.

முதல் நாட்களில் அது முரட்டுத்தனமானதாகவே இருந்தது. எந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்தால் எந்த முகவரியைத் தொந்தரவு செய்யலாம் என்று ரஷ்ய மொழியில் குறிப்புகள் சுற்றுக்கு விடப்பட்டன; ஆத்திரங்கொண்ட சாதாரண மனிதர்கள் அவற்றைப் பார்த்துத் தத்தம் கணினியில் தட்டினார்கள். பிறகு, பாட்நெட் எனப்படும் அடிமைக் கணினிகளின் படை வந்து சேர்ந்தது. பிரதம மந்திரியின் அலுவலகம், பாராளுமன்றத்தின் மின்னஞ்சல், செய்தித்தாள்கள், வங்கிகள் ஆகிய அனைத்தும் இலக்காயின. ரஷ்யாவில் வெற்றித் திருநாள் கொண்டாடப்படும் மே 9ஆம் தேதியை ஒட்டி வெள்ளம் உச்சத்தை எட்டியது. நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஹன்சாபாங்க் தன் இணைய சேவையை நிறுத்த வேண்டியதாயிற்று. 'போஸ்டிமீஸ்' போன்ற செய்தித்தாள்கள் வெளிநாட்டிலிருந்து வரும் வருகைகளை அடியோடு துண்டித்து, உள்நாட்டு வாசகருக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தன. இதன் கொடுமையைக் கொஞ்சம் சிந்தித்துப் பார்க்க வேண்டும். தன் நாட்டில் நடப்பதை உலகத்துக்குச் சொல்ல வேண்டிய வேளையில், உயிர் பிழைப்பதற்காகவே உலகத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளும்படி ஒரு தேசம் நிர்ப்பந்திக்கப்பட்டது.

சுமார் மூன்று வாரங்கள் நீடித்த அந்த முற்றுகைக்கு ரஷ்ய அரசே காரணம் என்ற குற்றச்சாட்டை மாஸ்கோ மறுத்தது. கடைசியில் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர்: எஸ்டோனியாவிலேயே வாழ்ந்த 20 வயது மாணவர், ஆளுங்கட்சியின் தளத்தைத் தாக்கியதற்காக 17,500 குரூன் அபராதம். 2008இல் நேட்டோ தன் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தைத் தாலினில் அமைத்தது. எஸ்டோனியா முற்றுகையில் அளந்தறியப்பட்ட தாக்குதல்களில் மிகப் பெரியதே நொடிக்குச் சுமார் 90 மெகாபிட் அளவுதான் இருந்தது. இன்று நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு ஒன்றுக்குச் சமமான அந்த ஓட்டம், அன்று ஒரு நாட்டின் வங்கிகளைத் தடுமாற வைக்கப் போதுமானதாக இருந்தது.

ஈழப் போரிலும் இதன் சிறு சாயல் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில், 'இன்டர்நெட் கரும்புலிகள்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரங்கள் அனுப்பி அவற்றின் கடிதப் போக்குவரத்தை அடைத்தார்கள். ஓர் ஆயுத இயக்கம் எதிரி நாட்டின் கணினிகளை முடக்கிய முதல் சம்பவமாக அமெரிக்க அதிகாரிகள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 800 கடிதம் என்பது இன்று ஒரு தனி மனிதரின் பெட்டியைக்கூடத் திணற வைக்காது. முறை மட்டும் மாறவில்லை.

2016ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று பொருள்படும் 'மிராய்' என்னும் நிரலை எழுதியவர்கள், இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டுக்குச் சர்வர் நடத்தும் வியாபாரப் போட்டியே அதன் மூலகாரணம் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆயினும் அதுவே உண்மை. அந்த நிரல் இணையத்திலுள்ள முகவரிகளைக் கண்டபடி தட்டிப் பார்த்து, எங்கேனும் கண்காணிப்புக் கேமராவோ, அதன் பதிவுப் பெட்டியோ, வீட்டு ரவுட்டரோ பதில் சொன்னால், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்பட்ட பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகளில் 60க்குச் சற்று அதிகமானவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்பதே கடவுச்சொல். அவ்வளவு எளிய சாவிகள்! கதவு திறந்ததும் உள்ளே புகுந்து உட்கார்ந்து, அங்கிருந்தே அடுத்த வீட்டைத் தேடத் தொடங்கும். முதல் 20 மணி நேரத்தில் சுமார் 65,000 கருவிகள் வசப்பட்டன. உச்சத்தில் ஆறு லட்சம். கேமரா எப்போதும் போல் வாசலைக் காட்டிக்கொண்டிருக்கும். சொந்தக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டில் இத்தகைய கேமரா பொருத்தப்பட்டபோது நான் அங்கே இருந்தேன். ஏணியில் நின்று ஒயரை இழுத்து முடித்த இளைஞர், நண்பரின் செல்போனில் படம் தெரிகிறதா என்று காட்டிவிட்டு, 'பாஸ்வேர்டு அட்மின்னே இருக்கட்டும் சார், மாத்தினா நீங்க மறந்துடுவீங்க, அப்புறம் நான்தான் வரணும்' என்று சொன்னார். நண்பர் தலையசைத்தார், நானும் சும்மா இருந்தேன். மிராய் பற்றிப் பின்னர் விரிவாகப் படித்தபோது, பெட்டியின் மேல் சுண்டு விரல் அகலத்தில் ஒட்டப்பட்டிருந்த அந்த வெள்ளைச் சீட்டும், அதில் அச்சிட்டிருந்த அந்த ஒற்றைச் சொல்லும் என் கண் முன் வந்து நின்றன.

2016 செப்டம்பரில், கணினிக் குற்றங்களைத் துப்பறிந்து எழுதும் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தின் மீது மிராய்ப் படை அனுப்பிய நொடிக்கு 620 கிகாபிட் வெள்ளம் பாய்ந்தது. கூலிக்குத் தாக்குதல் நடத்திக்கொடுத்து இரண்டு ஆண்டுகளில் ஆறு லட்சம் டாலர் வரை சம்பாதித்த ஒரு கும்பலை அவர் அதற்குச் சற்று முன்னர்தான் அம்பலப்படுத்தியிருந்தார். அதுவரை அவருக்கு இலவசமாகப் பாதுகாப்பு அளித்து வந்த அகமாய் நிறுவனம், மற்ற வாடிக்கையாளருக்குப் பங்கம் வராதிருக்கும் பொருட்டு விலகிக்கொண்டது. அதே பாதுகாப்பை விலைக்கு வாங்க ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் டாலர் வரை ஆகும் என்று அவர் எழுதினார். கூகுள் நிறுவனம் பத்திரிகைகளுக்கென்று நடத்தும் இலவசத் திட்டத்தில் இடம் கிடைத்ததால் அவருடைய எழுத்து மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மனிதரின் வாயை மூட முன்பெல்லாம் அரசாங்கத்தின் தணிக்கை ஆணை தேவைப்பட்டது. இப்போது அந்நியர் வீட்டுக் கேமராக்கள் போதும். இத்தாக்குதலின் விளைவுகளில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது இதுவே.

அக்டோபர் 21ஆம் தேதி அதே நிரலின் படை, டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியது. தளங்களின் பெயரைச் சொன்னால் அவற்றின் எண் முகவரியைத் தேடித் தரும் தொழில் அதனுடையது. டெலிபோன் டைரக்டரி காணாமற் போனால் டெலிபோன் இருந்தும் என்ன பயன்? ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெடிட் ஆகியவற்றின் சர்வர்கள் நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலரால் அவற்றை எட்ட முடியவில்லை. இன்னும் விபரீதம் என்னவென்றால், பதில் கிடைக்காத நேர்மையான சர்வர்கள் மறுபடி மறுபடி கேட்கத் தொடங்கின. அந்த நல்ல கேள்விகளே வழக்கமான அளவைப் போல் பத்து இருபது மடங்காகப் பெருகி, பொய் எது மெய் எது என்று பிரிக்க முடியாதபடி வெள்ளத்தோடு வெள்ளமாகக் கலந்தன.

இத்தாக்குதலின் விளைவைப் பணக்கணக்காக மட்டும் பேசுவது எனக்கு ஏற்புடையதன்று. 2020 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பங்குச் சந்தை அடுத்தடுத்து நான்கு நாட்கள் வர்த்தகத்தை இடைநிறுத்த நேர்ந்ததைப் பணத்தால் அளக்கலாம். 2016 நவம்பரில் பின்லாந்தின் லாப்பேன்ராந்தா நகரில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவியை இயக்கிய கணினி இத்தகைய வெள்ளத்தில் அகப்பட்டு, தன்னைத் தானே அணைத்து அணைத்துத் தொடங்கிக்கொண்டிருக்க, வெளியே உறைபனிக் காலத்தில் உள்ளே வீடுகள் குளிர்ந்து போனதை எதனால் அளப்பது? 2014 ஏப்ரலில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஒரு சிறுமியின் சிகிச்சை விஷயமாக எழுந்த வழக்கில் கோபங்கொண்ட ஒருவர், தமக்கு நியாயமென்று தோன்றியதைச் செய்வதாக எண்ணிக்கொண்டு, 40,000 ரவுட்டர்களை வசப்படுத்தி அவற்றைக்கொண்டு அந்த மருத்துவமனையின் இணையத் தொடர்பைச் சீர்குலைத்தார். நன்கொடை சேர்க்கும் வாசலும் அடைபட்டது. அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எந்த நோயாளியின் பொருட்டு அவர் கோபங்கொண்டாரோ அவளைப் போன்ற நூற்றுக்கணக்கான நோயாளிகள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே படுத்திருந்தார்கள்.

அந்த வழக்கு ஒரு தர்க்கத்தை எழுப்புகிறது. இது ஒருவகை மறியல் அல்லவா, அநீதிக்கு எதிராகச் சாமானியர் வாசலில் உட்கார்ந்துகொள்வதற்கு ஒப்பானதல்லவா என்று வாதிப்போர் உண்டு. 2001இல், அகதிகளை நாடு கடத்த விமானம் அளித்ததற்காக லுஃப்தான்ஸாவின் தளத்தை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திறந்து மறியல் செய்ய, அழைப்பு விடுத்தவர் குற்றவாளியல்லர் என்று பிராங்க்ஃபர்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஆயிரம் மனிதர்கள் ஆயிரம் கைகளால் தட்டினால் அதை மறியல் என்று ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமாயிருக்கிறேன். ஆனால் வேதாரண்யத்தில் உப்பெடுத்தவர்கள் தங்கள் முகத்தைக் காட்டி நின்றார்கள். தங்கள் உடம்பில் அடி வாங்கினார்கள். தங்கள் பெயரில் சிறை சென்றார்கள். ஊரார் வீட்டுக் கருவிகளை அவர்கள் அறியாமல் ஓட்டிக்கொண்டு வந்து எதிரியின் வாசலில் நிறுத்திவிட்டு, தான் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குச் சத்தியாக்கிரகி என்ற பெயர் பொருந்தாது. தவிர, இன்று நடப்பதில் பெரும்பகுதி வெறும் வியாபாரம். 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல் துறையினர் மூடிய ஒரு கூலித் தளத்தில் 1,36,000 பேர் கணக்கு வைத்திருந்தார்கள். மாதக் கட்டணம் 15 யூரோவிலிருந்து ஆரம்பம். அதன் வழியாக நடந்த தாக்குதல்கள் 40 லட்சம்.

சட்டத்தைப் பொறுத்தவரை நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவிலேயே, கணினியை அணுக உரிமையுள்ளவரை அணுகவிடாமற் செய்வதைத் தனியே குறிப்பிடுகிறது. தீய நோக்கத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தேசத்தின் பாதுகாப்பைக் குலைக்கும் எண்ணத்தோடு செய்து, அதனால் உயிர்ச்சேதம் போன்ற பெருங்கேடு நேர்ந்தால் 66எஃப் பிரிவு ஆயுள் தண்டனை வரை செல்கிறது. 2022இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி இத்தகைய சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இவை யாவும் நல்லவையே. ஆயினும் குற்றவாளி ஒரு கண்டத்திலும், அவன் ஆயுதங்கள் நூறு நாடுகளிலும், அடி வாங்குகிறவன் இன்னொரு கண்டத்திலும் இருக்கும்போது சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்?

ஆகையால் நிறுவனங்கள் பெரிய மதில்களைத் தேடுகின்றன. உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் சர்வர் வைத்து, வெள்ளத்தை அங்கங்கே பிரித்து வாங்கி, வடிகட்டி, நல்ல நீரை மட்டும் உரியவனுக்கு அனுப்பும் கம்பெனிகள் சில இருக்கின்றன. 2023 ஆகஸ்டில், வேண்டுகோளை அனுப்பியவுடனே அதை ரத்து செய்யும் புதிய தந்திரத்தால் கூகுளை நோக்கி நொடிக்கு 39.8 கோடி வேண்டுகோள்கள் வந்தன. விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அவ்வாண்டு செப்டம்பர் மாதம் முழுவதும் பார்க்கப்பட்ட எண்ணிக்கையைவிட, இரண்டே நிமிடத்தில் வந்த அவ்வேண்டுகோள்கள் அதிகம் என்று கூகுளே சொல்லிற்று. 2024 அக்டோபரில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தடுத்த ஒரு வெள்ளம் நொடிக்கு 5.6 டெராபிட், அதை அனுப்பியதும் மிராய் வம்சத்துப் படையே. இவற்றைத் தாங்கிக்கொள்ளும் மதில் உலகத்தில் மிகச் சிலரிடம்தான் இருக்கும். இப்படியே போனால், சிறிய பத்திரிகையும் சிறிய பள்ளியும் சிறிய வியாபாரியும் தாமாக ஒரு வாசல் வைத்துக்கொண்டு வாழ முடியாமல், பெரிய கோட்டை ஒன்றின் மதிலுக்குள் குடியேறியே தீர வேண்டிய நிலை வரும். அந்தக் கோட்டையின் கதவு ஒரு நாள் பழுதுபட்டால் உள்ளே இருப்பவர் எல்லாரும் ஒருங்கே இருளில் மூழ்குவர். எல்லாரும் எல்லாரோடும் நேராகப் பேசலாம் என்று அமைந்த ஒரு வலைக்கு இதைவிடத் துயரமான பரிணாமம் இருக்க முடியாது.

இந்நோயின் வேரில் மருந்து வைக்கும் முயற்சிகள் தாமதமாகவேனும் தொடங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியா மாகாணத்தில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்ட விரோதம். விற்கிறவன் தலையில் பொறுப்பை வைத்த இந்த இரண்டு சட்டங்களும், பிடிபட்ட சிறுவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் அனைத்தையும்விட அதிக நன்மை செய்யும் என்பது என் நம்பிக்கை. ஏனெனில் இவையே நஷ்டப்படாதவனைக் கவலைப்படச் செய்கின்றன. ஆனால் அச்சட்டங்களுக்கு முன்னர் விற்கப்பட்ட கருவிகள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலோ கடையிலோ அப்படி ஒன்று இருக்கலாம். மிராய், கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும் ஜாதி. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் பழைய கடவுச்சொல்லே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். எனவே முதலில் இணைய ஒயரைக் கழற்றுங்கள். கருவியை அணைத்துப் போடுங்கள். கடவுச்சொல்லை மாற்றி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒயரைச் செருகுங்கள். பத்து நிமிட வேலை.